மேல்பூச்சு

பூசி முடித்துக் கையைக் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள், வாசல் சுவரிலிருந்து கட்டில் அகலத்துக்கு ஒரு மண் பாளம் உரிந்து பெலயீதின் காலடியில் தொப்பென்று விழுந்தது. பின்னாலிருந்த சிமெண்டு பல்லை இளித்தது.

"விழுந்திருச்சா?" சமையலறையிலிருந்து அவன் மனைவி ரக்கியா குரல் கொடுத்தாள்.

"கொஞ்சம்தான்."

"சத்தத்தைக் கேட்டா கொஞ்சம் மாதிரி இல்லையே! கூஸ்கூஸை ஆவியில வெச்சாச்சு. இனிமே அவங்கள வர வேண்டாம்னு சொல்ல முடியாது, பாத்துக்கோங்க."

சொல்ல முடியாதுதான். ஸகோராவில் கட்டப்போகும் மண் பள்ளிக்கூடத்துக்கு யாரைப் பொறுப்பு என்ஜினியராகப் போடுவது என்பது உஸ்தாத் தௌஃபீக்கின் கையில் இருந்தது. மண் கட்டட விஷயத்தில் மொராக்கோ முழுக்க அவர் வைத்ததுதான் சட்டம். மர்ராகேஷ் பக்கத்தில் அவர் குடியிருக்கும் மண் வீட்டைப் படம் பிடித்துப் போடாத பத்திரிகை இல்லை. போன மாதக் கூட்டத்தில் அவர், "மண்ணைப் பத்திப் பேசுறவன் பூரா சிமெண்டு வீட்டுலதான் தூங்குறான்" என்று அலுத்துக்கொண்டார். அந்த வேலைமேல் கண் வைத்திருந்த என்ஜினியர் பெலயீத் என்ன நினைத்தானோ, எழுந்து நின்று, "நான் மண் வீட்டுலதான் இருக்கேன், உஸ்தாத்" என்று சொல்லிவிட்டான்.

"அப்படியா தம்பி? ஒரு வெள்ளிக்கிழமை குடும்பத்தோட கூஸ்கூஸுக்கு வர்றோம்" என்றார் அவர்.

வீடு கட்டும்போது மண் வேண்டாமென்று அடம்பிடித்தவள் ரக்கியா என்றுதான் ஊரில் சொல்லிவைத்திருந்தான். நாணல் கூரையிலிருந்து தேள் விழும் என்று பயந்தவன் உண்மையில் அவன்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவள் முகத்தைப் பார்க்கக் கூசும்.

பக்கத்து வீட்டு ஹம்மு ஆடுகளோடு வந்து வேலியோரம் நின்றான். "என்ன என்ஜினியரே, சிமெண்டுக்கு மண்ணுல சட்டை தைக்கிறீங்களா?"

"ஒரு பரிசோதனை, ஹம்மு."

"போன வருஷம் நான் எங்கப்பன் கட்டின மண் வீட்டை இடிச்சிட்டு சிமெண்டு போடப் போனப்ப, நடுத்தெருவுல மறிச்சு பாடம் நடத்துனீங்களே! பரிசோதனைய அன்னிக்கே பண்ணியிருந்தா நான் அந்தப் பாடத்துலேருந்து தப்பிச்சிருப்பேன்."

பெலயீதுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. ஹம்முவுக்குச் சொன்ன அறிவுரை சரிதான், சொன்ன ஆள்தான் சரியில்லை.

மண் ஒட்டுவதற்காகக் கோதுமை மாவைக் கூழாகக் காய்ச்சி, வைக்கோலும் சேர்த்து மண்ணோடு குழைத்துப் பூசினான். ஒட்டிக்கொண்டது. மாவு வாசனைக்கு ஹம்முவின் ஆடுகள் வேலியைத் தாண்டி வந்து சுவரை நக்க ஆரம்பித்தன. ஒன்று வைக்கோலைப் பிடித்து இழுத்துத் தின்றது. அவற்றை விரட்டிவிட்டு, இனி வராமலிருக்க வாசல் சுவர் நெடுகப் பேரீச்ச மட்டைகளைச் சாய்த்துவைத்தான். ஏசியின் வெளிப்பெட்டியும் அதற்குள் மறைந்துபோனது. ஒரு வேலையில் இரண்டு லாபம் என்று நினைத்துக்கொண்டான். பெட்டியிலிருந்து தண்ணீர் வடியும் குழாய் மட்டை பட்டு மடங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பியதை அவன் கவனிக்கவில்லை.

"வீடு அடுப்பா கொதிக்குது. மண் வீடுன்னா குளுகுளுன்னு இருக்கும்னு அந்த மனுஷன் மேடைக்கு மேடை பேசுறாராமே?" என்றாள் ரக்கியா.

"ஏசியப் போடு. பெட்டி தெரியாம அது மேல கம்பளத்தைத் தொங்கவிடு."

"இதுக்கும் நானா?"

"உனக்குப் புண்ணியமாப் போகும்."

"புண்ணியமா! இதுலயா!" என்றாலும் தொங்கவிட்டாள்.

ஜும்ஆ தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தவனுக்கு எடுக்கவே மனம் வரவில்லை. உஸ்தாத்தையும் அவர் மனைவி லல்லா நஜாத்தையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போது சுவரைத் தொட்டுவிடப்போகிறாரே என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தான். செருப்பை வாசல் சுவரோரம் கழற்றிவிட்டு உஸ்தாத் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"என்ன குளிர்ச்சி! மண்ணுன்னா மண்ணுதான், தம்பி." ஒரு கவளம் உருட்டியவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் கம்பளம் ஏன் ஆடுது?"

"மண் சுவரு மூச்சு விடுது, உஸ்தாத்."

ரக்கியாவுக்குப் புரையேறியது. லல்லா நஜாத் தண்ணீரை எடுத்துக் கொடுத்து அவள் முதுகைத் தட்டிவிட்டாள். உஸ்தாத் ஏனோ அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

பூசணித் துண்டுக்கு அவர் கை நீட்டியபோது வெளியே மலை சரிந்ததுபோல ஒரு சத்தம். எல்லாரும் ஓடினார்கள். முன்சுவரில் பூசிய மண் முழுவதும் ஊறி வழிந்து, மட்டைகளையும் சாய்த்துக்கொண்டு, உஸ்தாத்தின் செருப்பின்மேல் குவிந்து கிடந்தது. வெளிப்பெட்டி நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஹம்மு சிரிக்கக்கூட இல்லை, தலையைத் திருப்பிக்கொண்டான். அவன் சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது பெலயீதுக்கு.

"உஸ்தாத், இது சிமெண்டு வீடு. நான் பொய் சொல்லிட்டேன். ரக்கியா மேலயும் பழி போட்டேன். அவ ஒண்ணும் சிமெண்டு கேக்கல, எனக்குத்தான் தேளுன்னா பயம். பள்ளிக்கூடத்தை யோக்கியமான ஆளாப் பாத்துக் குடுத்துடுங்க." அந்த மண்குவியலுக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

உஸ்தாத்தின் முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. அவனைப் பார்க்கவும் இல்லை, திட்டவும் இல்லை. குனிந்து செருப்பைத் தோண்டி எடுத்துத் தட்டி மாட்டிக்கொண்டு, விறுவிறுவென்று காரில் போய் உட்கார்ந்துகொண்டார். எல்லாம் போயிற்று என்று பெலயீத் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

லல்லா நஜாத் உடனே கிளம்பவில்லை. சிமெண்டைத் தடவிப் பார்த்தாள். காரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ரக்கியாவின் காதருகே குனிந்தாள்.

"வெறும் சிமெண்டு மேல மண்ணு நிக்காது, தங்கச்சி. முதல்ல கோழிவலைய ஆணி வெச்சு அடிச்சிட்டு, அதுக்கு மேல பூசச் சொல்லு. எங்க வீட்டுல இவரு அப்படித்தான் பண்ணாரு, இன்னி வரைக்கும் ஒரு பொட்டு உதிரல."