டாக்டர் பகாரியின் சத்தியத் தேனீக்கள்

எந்தப் பூட்டைக் கையில் கொடுத்தாலும் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு தேனீ விஷயம் மூன்று வாரமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

எங்கள் எல்கன் மலையடிவாரத்துத் தேனீயின் குணம் கொஞ்சம் மோசம். வியர்வை வாசம் பட்டால் கொட்டும். கறுப்புச் சட்டையைக் கண்டால் கொட்டும். போன வருடம் கூட்டுக்குப் பக்கத்தில் கட்டியிருந்த ஒரு காளையை மத்தியானத்துக்குள் கொன்றே போட்டது. அப்படிப்பட்ட தேனீ ஆயிரக்கணக்கில் பறந்து வந்து ஒரு மனிதன் மேல் போர்வை மாதிரி உட்காருகிறது. ஒன்றுகூடக் கொட்டவில்லை. சுற்றி நின்ற ஐந்நூறு பேரில் ஒருவருக்கும் ஒரு கொட்டு இல்லை. அது எப்படி?

அந்த ஐந்நூறு பேரில் இவன்தான் திருடன் என்று தேனீக்கு யார் சொன்னது? இந்தக் கேள்விக்கு ஊரே பதில் வைத்திருந்தது. "சத்தியம்" என்றார்கள். முதல் கேள்வியை என்னைத் தவிர யாரும் கேட்கவே இல்லை.

தேனீக்களின் எஜமானர் டாக்டர் பகாரி. கடலுக்கு அடியில் ஜின் பூதங்களிடம் ஏழு வருடம் படித்தவர் என்று அவருடைய அட்டை சொன்னது. கடலுக்கு அடியில் நல்ல அச்சகம் இருக்கிறது போலும், அட்டை பளபளவென்று இருந்தது. காணாமல் போன பொருள், ஓடிப்போன மனைவி, நிலத் தகராறு, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் ஒரே மருத்துவர். அவர் ஊருக்குள் கார் ஓட்டிக்கொண்டு வந்தால் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரே முதலில் வெளியே ஓடிவருவார்.

அவர் தேனீ விட்ட ஊர்களில் என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். போன மாதம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவனுடைய வானொலிப் பெட்டி காணாமல் போனது. தேனீ ஒரு செங்கல் அறுப்பவன் மேல் உட்கார்ந்தது. கூட்டம் அவன் கழுத்தில் டயரைப் போட்டுக் கொளுத்தியது. பத்து நாள் கழித்து வானொலி, சொந்தக்காரனின் மச்சான் வீட்டில் பாடிக்கொண்டிருந்தது. தேனீ தப்பாகச் சொல்லிவிட்டதா என்று யாராவது கேட்டார்களா? இல்லை. "மச்சானும் கூட்டாளியா இருப்பான்" என்றார்கள்.

இப்போது எங்களைப் பற்றி. என் பெயர் முலோங்கோ. நமாசோ சந்தையில் பூட்டுப் பழுதுபார்க்கிறேன். முன்பெல்லாம் பூட்டின் சொந்தக்காரர் இல்லாதபோது பழுதுபார்த்தேன். நசாம்பு பழைய துணி விற்கிறாள். நீங்கள் அவளிடம் மணி கேட்டால் சரியாகச் சொல்வாள், ஏனென்றால் உங்கள் கடிகாரம் அவள் கையில் இருக்கும். மூன்றாவது ஆள் கிசா. அவனிடம் இருப்பது ஒரே ஒரு கோட்டு சூட்டு. அதை வைத்துக்கொண்டு அவன் ஏழு அரசாங்கப் பதவிகளை வகித்திருக்கிறான்.

ஆறு வருடமாக எங்களுக்கு ஒரு விதி உண்டு. வாங்கக்கூடாததை வாங்குகிறவன் மேல் மட்டும்தான் கை வைப்போம். நிலப் பத்திரம் கொடுக்க ஆளுக்கு ஒரு மாடு வாங்கிய அதிகாரி ஒருவர் இருந்தார். கிசா நைரோபியிலிருந்து வந்த விசாரணை அதிகாரியாகப் போய், ஒரு கோப்பைத் தேநீர் குடித்து, ஒரு வார்த்தை பேசாமல் மாடுகளை எண்ணிவிட்டு வந்தான். மறுநாளே அந்த மனிதர் மாட்டையும் பத்திரத்தையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து வணக்கமும் வைத்தார். சட்டத்தின் கண்ணில் நாங்கள் குற்றவாளிகள்தான். அதுவரை அந்தக் கண் எங்கே இருந்தது என்று நாங்களும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இந்த முறை காணாமல் போனது பால் கூட்டுறவுச் சங்கத்தின் ஜெனரேட்டர். பால் குளிர்விக்க வழியில்லாமல் மூன்று மலைகளின் பாலும் புளித்தது. சங்கத்தின் சேர்மன் லுஸ்வெட்டி மேடையேறி அழுதார். "வியாழக்கிழமை சந்தை நாள்ல டாக்டர் பகாரியைக் கூட்டிட்டு வரேன். எடுத்தவன் தப்பிக்க முடியாது!" என்றார். கைதட்டல்.

எனக்குக் கைதட்ட வரவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் சேர்மன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் தன் சோள மாவு மில்லுக்குப் பூட்டுப் போட என்னைக் கூப்பிட்டிருந்தார். உள்ளே தார்ப்பாய்க்குக் கீழே சங்கத்து ஜெனரேட்டர் உட்கார்ந்திருந்தது.

காவல் நிலையத்துக்குப் போய்ச் சொன்னேன். அங்கிருந்த அதிகாரி பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"நீ மூணு தடவை உள்ள போய்ட்டு வந்தவன்தானே?"

"ஆமாங்கய்யா. அதனாலதான் வழி தெரிஞ்சு வந்தேன்."

"வியாழக்கிழமை தேனீயே வரப்போகுது. அதுக்குள்ள என்னய்யா அவசரம் உனக்கு?"

சேர்மன் யாரைச் சந்தேகப்படுகிறார் என்பது ஊருக்கே தெரியும். சங்கத்தின் காவலாளி கயெம்பா. நசாம்புவின் கூடப்பிறந்த அண்ணன். டயர்க் கடைக்காரன் செவ்வாய்க்கிழமையே பழைய டயர்களைக் கொண்டுவந்து சந்தை நடுவில் அடுக்கிவிட்டான். வாழ்நாளில் யாருக்கும் எதையும் இலவசமாகக் கொடுத்தறியாதவன்.

"ஓடிடுண்ணே. எல்லைக்கு அந்தப் பக்கம் நம்ம சித்தி இருக்கா" என்று நசாம்பு கெஞ்சினாள்.

"ஓடினா நான்தான் திருடன்னு ஆயிடும். நின்னா தேனீ வரும். ரெண்டுல எது சுகம்னு நீயே சொல்லு" என்றார் கயெம்பா.

புதன்கிழமை மத்தியானம் பகாரி வந்து இறங்கி, சாப்பாட்டுக் கடையில் உகாலிக் களியும் ஆட்டுக்கறியுமாக ஒரு மலையைக் கரைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவருடைய காரின் பின்பெட்டியைத் திறந்தேன். உள்ளே வலை அடித்த மரப்பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சர்க்கரைப் பாகு டப்பா. அப்புறம் ஒரு தீப்பெட்டி. அதன் ஒரு பக்கத்தை வெட்டி மெல்லிய கம்பி வலை ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஒரே ஒரு தேனீ. கொஞ்சம் நீளமான தேனீ. எல்லாவற்றையும் இருந்தபடி மூடிவிட்டு, நாற்பது கூடு வைத்துத் தேன் எடுக்கும் ரோபாய் அம்மாவிடம் ஓடினேன்.

அவர் கேட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட மக்கு! அது ராணிடா. ராணி வாசம் எங்கேயோ கூட்டம் அங்கே. எங்க அப்பா அதைத் தாடியில கட்டிக்கிட்டு கல்யாணத்துல வேடிக்கை காட்டுவார். அதை வெச்சா இவன் ஊரை ஏய்க்கிறான்?"

"அப்ப ஏன்மா கொட்டல?"

அதையும் சொன்னார். அவர் அதைச் சந்தையில் எல்லோருக்கும் சொன்னபோது எப்படிச் சொன்னாரோ அப்படியே பிறகு தருகிறேன். எனக்கு அந்த நிமிடம் வேண்டியிருந்தது ஒன்றுதான். தீப்பெட்டி யார் பையில் இருக்கிறதோ அவன்தான் திருடன். ஒருவர் பையிலிருந்து எடுத்து இன்னொருவர் பையில் வைப்பதில் இந்த மாவட்டத்திலேயே நசாம்புவை மிஞ்ச ஆளில்லை.

வியாழக்கிழமை. வாழைப்பழக்காரிகள் கூடையைப் போட்டுவிட்டு வந்தார்கள். மரத்தின் மேல் ஆள், கூரையின் மேல் ஆள். சந்தேகப்பட்டவர்கள் என்று ஐந்து பேரை வரிசையாக நிறுத்தினார்கள். நடுவில், முழங்கால் வரை தொங்கும் காவலாளிக் கோட்டுடன் கயெம்பா.

பகாரி ஒவ்வொருவர் தோளிலும் கை வைத்து ஜின் பாஷையில் முணுமுணுத்தார். கயெம்பாவிடம் மட்டும் ஜின்னுக்குச் சொல்ல நிறைய இருந்தது. கட்டிப்பிடித்தே ஆசீர்வாதம் செய்தார்.

அடுத்த நொடி நசாம்பு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். "ஐயோ, என் அண்ணே!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகையில் பொய் எதுவும் இல்லை. விரல்கள் மட்டும் தனியாக வேலை பார்த்தன. அங்கிருந்து உருண்டு, பக்கத்தில் நின்ற சேர்மன் காலில் விழுந்து, அவர் கோட்டைப் பிடித்துத் தொங்கினாள்.

"சேர்மன் ஐயா! நீங்கதான் காப்பாத்தணும்!"

"சத்தியம் பேசட்டும்மா, சத்தியம் பேசட்டும்" என்றார் லுஸ்வெட்டி, கோட்டைச் சரிசெய்துகொண்டு.

எந்த அலைவரிசையிலும் இல்லாத ஒரு வானொலியின் நிருபராக கிசா ஒலிவாங்கியை அவர் வாயருகே நீட்டியபடி நின்றான். அதன் கம்பி என்னுடைய ஒலிபெருக்கியில் முடிந்தது.

பெட்டி திறந்தது. கரும்புகை மாதிரி தேனீக்கள் எழும்பின. முதலில் ஒரு இருபது முப்பது கயெம்பாவின் கோட்டுப் பையைச் சுற்ற ஆரம்பித்தன. ராணியின் வாசம் துணியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை நாங்கள் யோசிக்கவில்லை. டயர் அடுக்கின் பக்கம் நாலு பேர் நகர்ந்தார்கள். கயெம்பா கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு மேகம் திரும்பியது. இரண்டு அடி தள்ளி, சேர்மன் லுஸ்வெட்டியின் வயிற்றில் இறங்கியது. வயிறு, மார்பு, கழுத்து. சில நிமிடங்களில் மனிதர் ஒரு தேனடை ஆகிவிட்டார்.

அவருக்குத் தேனீயின் மேல் நம்பிக்கை ஒருநாளும் இருந்ததில்லை. பகாரியின் மேல்தான் இருந்தது. அதனால்தான் கத்தினார்.

"டேய் பகாரி! நான் வாட்ச்மேன்னுதானேடா சொன்னேன்!"

ஒலிபெருக்கி அதை மூன்று மலைக்கும் சொன்னது.

பகாரி பதறிவிட்டார். "அவன் பாக்கெட்லதான் வெச்சேன் சேர்மன்! சத்தியமா!"

சத்தியம் என்ற சொல்லை அவர் சரியாகப் பயன்படுத்தியது அன்றைக்கு மட்டும்தான்.

எங்கள் திட்டம் இத்துடன் முடிகிறது. இரண்டு பேரும் தங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டார்கள். இனி ஊர் புரிந்துகொள்ளும் என்று நாங்கள் நம்பினோம். ஆறு வருடத்தில் நாங்கள் செய்த ஒரே முட்டாள்தனம் அது.

பிறகு மீன் விற்கும் நபுலோபி இரண்டு கையையும் தூக்கினாள்.

"பாத்தீங்களா! தேனீ நிஜத் திருடனையே பிடிச்சிருச்சு! டாக்டர் சாதாரண ஆளில்ல!"

"கொண்டாங்கடா டயரை!"

காதில் விழுந்ததெல்லாம் அப்படியே கீழே போய்விட்டது. கண்ணில் பட்ட தேனீ மட்டும் ஒட்டிக்கொண்டது. எங்கள் வித்தையால் பகாரியின் புகழ் இரண்டு மடங்கானதுதான் மிச்சம்.

நசாம்பு டயர் அடுக்குக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள். "இது எங்கண்ணனுக்கு அடுக்கின டயரு. இதை எவன் கழுத்துலயும் போட விடமாட்டேன். சேர்மன் கழுத்துலயும் சரி!"

"தள்ளு புள்ள! தேனீயே சொல்லிருச்சு!"

அப்போது ரோபாய் அம்மா மெதுவாக நடந்து வந்தார். அடுப்பிலிருந்து பானை இறக்கப் போகிறவர் மாதிரி சேர்மனின் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். தீப்பெட்டியை எடுத்துத் தூக்கிக் காட்டினார். டயர் அடுக்கின் உச்சியில் வைத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பத்து நிமிஷம்."

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தேனீக்கள் சேர்மனைக் கைவிட்டன. கொத்துக் கொத்தாக எழும்பிப் போய் டயர்களின் மேல் அப்பிக்கொண்டன. ரப்பரே தெரியவில்லை.

"ம், சொல்லுங்க" என்றார் ரோபாய் அம்மா. "இந்த டயரு என்னத்தைத் திருடுச்சு?"

எங்கேயோ ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

"இப்ப யாருக்கு டயர் வேணும்? வந்து எடுத்துக்கோங்க."

ஒருவரும் வரவில்லை. பகாரி தன் கார் இருக்கும் பக்கம் பின்னோக்கி நகர்ந்தார். கார்ச் சாவி கிசாவின் கையில் இருந்தது.

நபுலோபிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "சரி, அது ராணின்னே வெச்சுக்கறேன். அப்ப ஏன் ஒரு ஆளையும் கொட்டல? அதுல சத்தியம் இல்லாமலா?"

மூன்று வாரமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

"தேனீ எதுக்குக் கொட்டும்? கூட்டைக் காப்பாத்த" என்றார் ரோபாய் அம்மா. "குஞ்சு இருக்கணும், அடை இருக்கணும், தேன் இருக்கணும். இதுங்களை வெறும் பெட்டியில உதறிப்போட்டு ரெண்டு நாளா சர்க்கரைப் பாகு ஊத்தியிருக்கான். காப்பாத்த வீடும் இல்ல, குஞ்சும் இல்ல. வயிறு மட்டும் ரொம்பியிருக்கு. அந்த வயித்தோட உடம்பை வளைச்சுக் குத்தவும் சிரமம். இதுதான் உன் சத்தியம்."

நபுலோபி மீன் வாடை அடிக்கும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப திருட்டை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

சொன்னேன். ஆற்றைத் தாண்டி மில்லுக்குப் போகவேண்டும். தார்ப்பாயைத் தூக்கவேண்டும். ஜெனரேட்டரின் அடிப்பக்கம் ஒரு தகடு இருக்கும். அதில் ஓர் எண் பொறித்திருக்கும். நம் சங்கத்து வாசலில் நன்கொடைப் பலகையில் அதே எண்ணைப் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார்கள். தினமும் பால் ஊற்ற வரும்போது எல்லோரும் அதைத் தாண்டித்தான் போகிறோம். இரண்டையும் ஒத்துப் பார்க்கவேண்டும்.

போனார்கள். பார்த்தார்கள். ஒத்துப்போனது. காவல் அதிகாரி பல் குத்தும் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு விலங்கு எடுக்கப் போனார். கயெம்பா கோட்டைக் கழற்றி மடித்துத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, மில் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

திருட்டைக் கண்டுபிடிக்க ஜின் வேண்டாம், கடல் வேண்டாம், தேனீயும் வேண்டாம். தார்ப்பாயைத் தூக்க ஒரு கை, குனிந்து எண்ணைப் படிக்க ஒரு தலை. அந்தத் தலையை எல்லோரும் கழுத்தின் மேல் வைத்துக்கொண்டுதான் சந்தைக்கு வந்திருந்தோம்.