வெள்ளியங்கிரி வாய் மூடிய வியாழக்கிழமை

“திருச்செங்கோட்டு மலையை ஒரே நாள்ல மூணு தடவ ஏறி எறங்கறனுங்க. தடவைக்கு ஆளுக்கு ரெண்டு ரூவா குடுத்தாப் போதும்.”

வெள்ளியங்கிரி சொல்லி முடித்தபோது அந்த லாரி புக்கிங் ஆபீசில் மேஜை விசிறி மட்டும் தலையை ஆட்டியது. அதுவும் ‘வேண்டாம்’ என்பதுபோல்தான் ஆட்டியது.

“மலை ஏறுறதுக்குக் காசுங்களாண்ணா?” என்றான் டிரைவர் கருப்பண்ணன். “எங்க ஊட்டு ஆடு தினமும் ஏறுது. தவிடுதான் வெக்கறோம்.”

வெள்ளியங்கிரியின் முகம் சுருங்கிவிட்டது. நாமக்கல்லில் பதினெட்டு வருஷமாக லோடு புக் செய்கிறவர் அவர். யாருக்கும் எதுவும் இல்லை என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டியதைவிட நாலு மடங்கு அதிகமாகவே சொல்வார். அப்படிச் சொல்லித்தான் இப்போது மாட்டிக்கொண்டார்.

போன வாரம் சேலம் போகும் வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. மழைக்கு ஒதுங்கிய இடம், காது கேளாத பிள்ளைகள் படிக்கும் ஒரு விடுதிப் பள்ளி. சூறைக்காற்று சாப்பாட்டுக் கொட்டகையின் கூரையைக் கொண்டுபோயிருந்தது. பிள்ளைகள் தட்டோடு சுவரை ஒட்டி வரிசையாக நின்று சாப்பிட்டன. தலைமையாசிரியை சௌந்திரம் இவருக்கும் ஒரு தட்டுச் சோறு போட்டார். சோறு இறங்குவதற்குள் இவர் வாயிலிருந்து வார்த்தை வந்துவிட்டது: “ஒரே மாசத்துல கூரை போட்டுத் தாரனுங்க டீச்சர்!”

கூரைக்குத் தகரம் எத்தனை வேண்டும் என்று பிறகுதான் விசாரித்தார்.

“மலை வேண்டாம்னா மோகனூர் வரைக்கும் நடக்கறேன்” என்றார் இப்போது.

“பஸ் இருக்குதே” என்றார் கணக்கர் மணியன், பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

“ஒரு நாள் பூரா பட்டினி கெடக்கறேன்.”

“பாவமுங்க.”

அப்போதுதான் கருப்பண்ணன் விளையாட்டாகச் சொன்னான்: “ஒரு நாள் பேசாம இருங்கண்ணா. நான் இருவது ரூவா தாரேன்.”

மணியன் பேனாவைக் கீழே வைத்தார்.

“நான் அம்பது” என்றார்.

லோடு கேட்டு வந்து நின்ற யாரோ ஒருவர், பேர்கூடச் சொல்லாமல், பத்து ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மணியன் அங்கேயே விதிகளை எழுதினார். வரும் வியாழன், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. ஒரே ஒரு சொல் வந்தாலும் யாரும் ஒரு பைசா தரமாட்டார்கள்.

“எழுதிக் காட்டலாமுங்களா?”

“கூடாது. நீங்க எழுத ஆரம்பிச்சீங்கன்னா ஆபீசுல பேப்பர் மிஞ்சாது.”

அன்றிலிருந்து மௌனத்தைப் பற்றி வெள்ளியங்கிரி பேசியதுபோல் வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை. பெட்ரோல் பங்கில் அரை மணி நேரம், டீக்கடையில் முக்கால் மணி. டயர் ரீட்ரேடிங் கடை ராசப்பனிடம், “மௌனம்னா என்னன்னு நெனச்சீங்க?” என்று தொடங்கி, பிள்ளைகள், கூரை, சூறைக்காற்று எல்லாம் சொல்லி, பஸ் ஏன் பழுதானது என்பதற்கு வந்தபோது ராசப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

“பத்து ரூவா எழுதிக்குங்க. இப்பவே ஆரம்பிக்கறதுன்னா இருவது.”

கடைத்தெரு பூரா இப்படியே பணம் எழுதியது. வெள்ளியங்கிரிக்கு மனம் நிறைந்துவிட்டது. “சனங்களுக்கு என்மேல இத்தனை பாசம் இருக்கும்னு தெரியாமப் போச்சு” என்றார் மனைவி வசந்தாமணியிடம்.

வசந்தாமணி கடுகு டப்பாவிலிருந்து அம்பது ரூபாய் எடுத்து நீட்டினாள். “வியாழக்கெழம மட்டுந்தானுங்களா? ஞாயித்துக்கெழமையும் சேத்துக்கக் கூடாதுங்களா?”

அப்போதுதான் அவருக்கு லேசாக உறைத்தது. “ஏம்புள்ள, நான் அத்தனையா பேசறேன்?”

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “கூரைக்கு நல்லதுதானுங்களே” என்றாள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அவர் வாயை மூடினார். ஒன்பதே காலுக்கு டெலிபோன் அடித்தது.

பம்பாய் போயிருந்த முதலாளி கைலாசத்தின் டிரங்க் கால். மணியன் டீ குடிக்கப் போயிருந்தார். அடிக்க விட்டால் முதலாளி கோபிப்பார் என்று வெள்ளியங்கிரி எடுத்துக் காதில் வைத்தார்.

“அலோ! யாரு, வெள்ளியங்கிரியா? அலோ! ஏம்ப்பா பேச மாட்டேங்கறே?”

வெள்ளியங்கிரி ‘நான்தான்’ என்று காட்டுவதற்காக மேஜையைத் தட்டினார். பலமாகவே தட்டிவிட்டார். கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது.

பம்பாயில் முதலாளி முடிவு செய்துவிட்டார். வெள்ளியங்கிரி டெலிபோனை எடுத்தும் பேசவில்லை என்றால், யாரோ வாயைக் கட்டிப்போட்டிருக்க வேண்டும். உடனே பக்கத்து ரைஸ் மில்லுக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் எட்டுப் பேர் தடியோடு ஆபீசுக்குள் புகுந்தார்கள்.

“எங்கடா திருடன்?”

வெள்ளியங்கிரி இரண்டு கையையும் தூக்கினார். பிறகு அதே கைகளால் விளக்கினார். வாயைப் பூட்டிச் சாவியைத் தூர எறிந்தார், சுவர்க் கடிகாரத்தைக் காட்டி ஐந்து விரலை விரித்தார், தலைக்கு மேல் கூரை போட்டார். மணியன் வந்து விஷயத்தைச் சொன்னதும் மில்காரர்கள் தடியை மூலையில் சாத்திவிட்டு, வேடிக்கை பார்க்க அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஆளுக்கு அஞ்சு ரூபாயும் எழுதினார்கள்.

இரண்டு மணிக்குச் சௌந்திரம் டீச்சர் வந்துவிட்டார். ஐந்து மணிக்கு வரவேண்டியவர், பஸ்ஸை நம்பாமல் முன்னாலேயே கிளம்பியிருந்தார். கூடவே பணம் வாங்கிக்கொள்ள அந்தப் பள்ளியில் படிக்கும் எட்டு வயசுப் பெண் ஒருத்தி, பேர் அத்தாயி. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெள்ளியங்கிரி ஓடிவந்து கும்பிட்டார். டீயா காப்பியா என்று சைகையில் கேட்டார். காலையில் போன் வந்தது, டம்ளர் உடைந்தது, தடியோடு ஆட்கள் வந்தது, எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். அந்தப் பெண் கண் கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணியன் பேங்குக்குப் போன நேரம் பார்த்துக் கருப்பண்ணன் வந்தான்.

“அண்ணா, எனக்கு என்ன லோடுங்க?”

சென்னியம்மாள் பண்ணையிலிருந்து முட்டை. போக வேண்டியது பாலக்காடு. ரெண்டே வார்த்தை. வெள்ளியங்கிரி தொண்டைவரை வந்ததை விழுங்கினார்.

கையைக் குவித்து முட்டை காட்டினார்.

“பூசணிக்காயா?”

இரண்டு கையையும் மடக்கிப் படபடவென்று அடித்தார்.

“ஏரோப்ளேனா?” என்றார் ஒரு மில்காரர்.

வேறு வழியில்லாமல் அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக் குந்தி உட்கார்ந்தார். முகத்தைச் சுளித்து முக்கினார். எழுந்து பின்னால் திரும்பிப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

“அண்ணனுக்கு வயித்தால போகுதுடோய்! சோடா வாங்கியாங்க!”

சோடா வந்தது. கையை அசைத்து அதைத் தள்ளிவிட்டு, கேரளா என்பதற்காகத் தென்னை மரம்போல் நின்று தலைக்கு மேல் விரல்களை விரித்து ஆடினார். கருப்பண்ணன் முகம் மலர்ந்தது.

“தேங்கா லோடு! நம்ம பக்கத்து வேலூர்த் தோப்பு! மொதல்லயே மரத்தக் காட்டியிருக்கலாமில்லீங்க?”

லாரி கிளம்பியது. வெள்ளியங்கிரி கோழியாகவே ரோட்டில் கொஞ்ச தூரம் துரத்திப் பார்த்தார். கருப்பண்ணன் கண்ணாடியில் பார்த்து டாட்டா காட்டிவிட்டுப் போய்விட்டான்.

மூச்சு வாங்கத் திரும்பினால், வாசலில் சென்னியம்மாள் நிற்கிறார்.

“ஏனுங்க, என்ற முட்டை முப்பதாயிரம் வெயில்ல கெடக்குது. வண்டி எங்கீங்க?”

வெள்ளியங்கிரி முதலிலிருந்து ஆரம்பித்தார். முட்டை, சிறகு, குந்தல், முக்கல். சென்னியம்மாள் பதறிப்போனார். “அட சாமி! என்னமோ எறங்கியிருக்குது!” என்று முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்து அவர் நெற்றி முழுக்க அப்பினார். மில்காரர்கள் மௌன விஷயத்தைச் சொல்ல, அவருக்குக் கோபம் வந்தது. தேங்காய்க்குப் போன லாரிதான் இவருடையது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

“கூரை நல்ல காரியந்தானுங்க. அதுக்கு என்ற முட்டையா அவியறது? வண்டி எங்க போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இல்லாட்டி நாளையில இருந்து வேற ஆபீசு பாத்துக்கறேன்.”

வெள்ளியங்கிரிக்கு வேர்த்துக் கொட்டியது. ‘வேலூர்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினெட்டு வருஷத்து வாடிக்கை தப்பிக்கும். கூரை போய்விடும். வாயைத் திறந்தார். பெஞ்சில் அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடினார்.

மறுபடி குந்தினார். இந்த முறை அவசரப்படாமல், இறக்கையை உதறி, கழுத்தை நீட்டி, ஒரு நல்ல பண்ணைக் கோழி எப்படி முட்டையிடுமோ அப்படியே இட்டார். எழுந்து தென்னை மரமானார். ஸ்டீயரிங்கைத் திருப்பினார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

காலமெல்லாம் கோழிகளோடு கழித்த சென்னியம்மாளுக்குப் பளிச்சென்று புரிந்தது.

“முட்டைன்னு நீங்க காட்ட, தேங்கான்னு அவன் வேலூருக்கு ஓட்டிப்போட்டானா?”

வெள்ளியங்கிரி அவர் காலில் விழாத குறை. ஒரு மில்காரர் மொபெட்டை எடுத்தார். லாரியை நிறுத்தி எதற்கு என்று சொல்வது என அவர் கேட்டதால், அவருக்கும் ஒருமுறை கோழியாகிக் காட்ட வேண்டியிருந்தது. நாலரைக்கு லாரி திரும்பி வந்து நேராகப் பண்ணைக்குப் போனது.

சென்னியம்மாள் நூறு ரூபாய் நோட்டை மேஜையில் வைத்தார். “உங்களுக்குப் போன் பண்ணி நான் சொல்ல வந்ததை இதுவரைக்கும் முழுசாச் சொன்னதில்லீங்க. இன்னைக்குத்தான் சொல்லி முடிச்சிருக்கறேன்.”

ஐந்து மணி அடித்தது. ராசப்பன் முதற்கொண்டு பணம் எழுதியவர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். எட்டு மணி நேரம் அடைத்து வைத்தது அணை உடைந்ததுபோல் கொட்டப்போகிறது என்று சிலர் வாசலுக்குப் பக்கமாக நகர்ந்தார்கள்.

வெள்ளியங்கிரி தொண்டையைச் செருமினார்.

“கூரைக்குச் சேந்துருச்சுங்களா?” என்றார். அவ்வளவுதான்.

“சேந்துருச்சு. ஜன்னலுக்குக் கதவும் போடலாம்” என்றார் மணியன்.

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டில் பணத்தை வைத்து, வெள்ளியங்கிரி கண் கலங்க அத்தாயியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவரையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீச்சர் பக்கம் திரும்பி விரல்களை வேகவேகமாக அசைத்தாள். டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“பாப்பா என்ன சொல்லுதுங்க டீச்சர்?”

“சின்னப் புள்ளைங்க, தப்பா நெனச்சுக்காதீங்க.”

“பரவால்லீங்க, சொல்லுங்க.”

“‘நாம வந்ததுல இருந்து இந்த மாமா ஒரு நிமிசம்கூட நிறுத்தாமப் பேசிக்கிட்டேதான் இருந்தாரு, அந்தக் கோழிக் கதைய மட்டும் நாலு தடவ சொன்னாரு, பேசாம இருந்தாருன்னு எதுக்குக் காசு குடுக்கறாங்க?’ன்னு கேக்குதுங்க.”