கமா அக்கா வாங்காத மெஷின்

கமா அக்கா கையிலிருந்த காபியைச் சமையலறைத் தொட்டியில் சாய்க்கப்போன நேரம் பார்த்து, லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குக் கிளம்பிப்போன கணவர் திரும்பி வந்து வாசலில் நின்றார். ஹெல்மெட்டை மறந்துவிட்டாராம்.

"என்ன, காபியைக் கொட்டுறே?"

கமா அக்காவுக்கு வியர்த்துவிட்டது. "எறும்புங்க. ஒண்ணு மிதந்துச்சு."

"அடப் பாவமே! இரு."

அவர் தோள்பையை இறக்கி வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். பாலை அடுப்பில் ஏற்றினார்.

"வேண்டாங்க. உங்களுக்கு அவசர வேலைன்னீங்களே! யாரோ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்கன்னு."

"மாட்டிக்கிட்டவங்க எங்க ஓடிடப் போறாங்க? நீ காபி இல்லாம எப்படிம்மா வேலைக்குப் போவே?"

ஒரு கப்பிலிருந்து தப்பிக்கப் போய், இரண்டாவது கப்பை அவர் கண்ணெதிரே கடைசிச் சொட்டு வரை குடிக்க வேண்டியதாயிற்று. அதோடு விடவில்லை. மாலையில் வரும்போது எறும்பு மருந்தும், மூடி போட்ட பெரிய கப் ஒன்றும் வாங்கி வந்தார். பழைய கப்பைவிட அதில் ஒன்றரை மடங்கு பிடிக்கும்.

கமா அக்கா ஒரு பாடநூல் பதிப்பகத்தில் பிழை திருத்துபவள். ஒரு கமா இடம் மாறியிருந்தால்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அலுவலகத்தில் அந்தப் பெயர் நிலைத்ததற்கு அதுதான் காரணம். பேராசிரியர்களின் தப்புகளையே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். ஆனால் வீட்டில், தினமும் விடிந்ததும் கைக்கு வரும் ஒரே ஒரு தப்பை மட்டும் அவளால் திருத்த முடியவில்லை.

தொடக்கம் அவளுடையதுதான். மகள் பிறந்த புதிதில், ராத்திரியெல்லாம் குழந்தை தூங்கவிடாத ஒரு விடியலில், கணவர் முதல்முறையாகக் காபி போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். பாவம், ஆசையாகச் செய்திருக்கிறாரே என்று "அருமையா இருக்கு" என்றாள். அவ்வளவுதான். மகள் வளர்ந்து வெளியூரில் கல்லூரிக்கே போய்விட்டாள். காபி மட்டும் மாறவே இல்லை. மேலே கசப்பு, நடுவே தீய்ந்த பால், அடியில் கரையாத சர்க்கரை.

"இதுக்கா அக்கா கவலைப்படுறீங்க?" என்றான், பக்கங்களை வடிவமைக்கும் தம்பி. அலுவலகத்தில் அவள் மனம்விட்டுப் பேசுவது அவனிடம் மட்டும்தான். "ஒரு கப் காபி போடுற மெஷின் ஒண்ணு வாங்கிடுங்க. காபித்தூள் அடைச்ச சின்ன காப்ஸ்யூல் வரும். உள்ள போட்டு பட்டனைத் தட்டினா முடிஞ்சது. ஒரு ஆளுக்கு ஒரு கப்."

"அப்புறம் அவரு போடுறது?"

"மெஷின் இருக்கும்போது அவரு எதுக்குக்கா போடணும்? 'உங்களுக்கு ஓய்வு கொடுக்கத்தான் வாங்கினேன்'னு சொல்லுங்க. சண்டையே வராது."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. மதிய இடைவேளையில், அடுத்த தெருவிலிருந்த வீட்டுச்சாமான் கடைக்குப் போனாள். சிவப்பு மேலங்கி போட்ட விற்பனைப் பெண் ஒருத்தி மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றி, காப்ஸ்யூலைப் போட்டு, பட்டனை அமுக்கினாள். சின்னதாக ஓர் உறுமல். கடை முழுக்க மணம். கமா அக்கா ஒரு வாய் குடித்தாள். கண் கலங்கிவிட்டது.

"என்னாச்சு மேடம்? சூடா இருக்கா?"

"இல்லம்மா. காபி குடிச்சு ரொம்ப நாளாச்சு."

"உடம்பு சரியில்லையா? எவ்வளவு நாளா?"

"என் பொண்ணு பிறந்ததுலேருந்து."

விற்பனைப் பெண் கருப்பு மெஷினா, வெள்ளை மெஷினா என்று கேட்டாள். கமா அக்கா கருப்பைத் தடவிப் பார்த்தாள், வெள்ளையைத் தடவிப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தாள். "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்று கிளம்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏங்க, தினமும் இருட்டோட எழுந்து காபி போடுறீங்களே, உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "ஏன் கேக்குறே?"

"இல்ல, இப்போ ஒரு மெஷின் வந்திருக்காம். பட்டனைத் தட்டினா அதுவே போட்டுடுமாம். நீங்க கொஞ்சம் ஓய்வா இருக்கலாமேன்னு..."

அவர் இன்னொரு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "உனக்கு என் காபி பிடிக்கலையா?" என்றார்.

நேராக வந்த கேள்வி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அந்த முகத்தைப் பார்த்ததும் நாக்கு புரண்டுவிட்டது.

"ஐயய்யோ, யாரு சொன்னது? உங்க காபி மாதிரி வருமா?"

"பின்னே மெஷின் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காபி இன்னும் கெட்டியாக வந்தது. செல்போனில் ஏதோ வீடியோ பார்த்து, பொடியைத் தண்ணீரில் போட்டு வெகுநேரம் கொதிக்க வைத்திருந்தார். அதற்கடுத்த நாள் பட்டைத்தூள் சேர்ந்துகொண்டது. பெரிய கப்பின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் துணிந்து ஒரு பொய் சொன்னாள்.

"டாக்டர் என்னைக் காபி குடிக்க வேண்டாம்னுட்டாருங்க."

"எந்த டாக்டர்? எப்போ போனே? ஏன் என்கிட்ட சொல்லலை?"

"ஆபீஸ் பக்கத்துலதான். லேசா படபடப்பு..."

படபடப்பு என்ற சொல்லை அவள் போகிறபோக்கில்தான் சொன்னாள். அவருக்கோ உண்மையாகவே படபடத்துவிட்டது. உடனே மகளுக்குப் போன் போட்டார். மகள் அழ ஆரம்பித்து, பரீட்சையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாள். அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. மறுநாளே வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். ரத்தம் எடுத்தார்கள். மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். ஓடும் பட்டையில் நடக்க விட்டார்கள். கணவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. இந்த மனுஷனைப் போய் இப்படி அலைய விடுகிறோமே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

இதய டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "இதயம் சும்மா கல்லு மாதிரி இருக்கு. யாரு உங்களைக் காபி குடிக்கக் கூடாதுன்னு சொன்னது?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"தாராளமா குடிங்க. காலையில ஒரு கப், சாயங்காலம் ஒரு கப்."

"ரெண்டு கப்பா டாக்டர்?" என்றார் கணவர், எழுதிவைத்துக்கொள்ளாத குறையாக.

ஆஸ்பத்திரி லிஃப்டில் இறங்கும்போது இருவர் மட்டும்தான் இருந்தார்கள். அவர் பழக்கதோஷத்தில் கதவு உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ எந்த டாக்டர்தான் உன்னைக் காபி வேண்டாம்னாரு?" என்றார்.

"எந்த டாக்டரும் சொல்லலை."

"பின்னே?"

அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. வருஷக்கணக்காக விழுங்கியதெல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்தது.

"உங்க காபி நல்லா இல்லைங்க. என்னிக்குமே நல்லா இருந்ததில்லை. பால் தீய்ஞ்சிருக்கும், சர்க்கரை கரைஞ்சிருக்காது, பொடி நாக்குல ஒட்டும். பட்டைத்தூள் வேற! என்னால முடியலை."

லிஃப்ட் தரைக்கு வந்து கதவு திறந்தது. அவர் இறங்காமல் நின்றார். கதவு மறுபடி மூடி, யாரோ கூப்பிட்ட மாடிக்கு அவர்களைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் கடைசியில். 

மறுநாள் காலையில் சமையலறையில் சத்தம் இல்லை. அவள் எழுந்து எட்டிப் பார்த்தாள். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. கணவர் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வெயில் ஜன்னலுக்குள் வந்த பிறகும் எழவில்லை. கடைசி நேரத்தில் அரக்கப்பரக்க எழுந்து, குளித்து, "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு ஓடினார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

கமா அக்கா தானே காபி போட்டுக்கொண்டாள். பால் பொங்கும் பதத்தில் இறக்கி, அளவாகப் பொடி போட்டு, சர்க்கரையை நன்றாகக் கலக்கி. பிழையே இல்லாத காபி. எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக அந்தக் காபியோடு சேர்ந்து வந்துகொண்டிருந்த இன்னொன்று நின்றுபோயிருந்தது. அவள் குடித்து முடிக்கும் வரை அவர் எதிரே உட்கார்ந்து லிஃப்ட் கதை சொல்லுவார். வீட்டில் பாட விடுவதில்லை என்று லிஃப்டுக்குள்ளேயே ஏறி இறங்கிப் பாடிக்கொண்டிருக்கும் பெரியவர். சண்டை போட்டுக்கொண்டு ஏறி, நடுவழியில் மாட்டி, ராசியாகி இறங்கிய அண்ணன் தம்பி. கண்ணாடி பார்ப்பதற்காகவே எட்டு மாடிக்கும் போய்வரும் பல்செட்டுக்காரர். காபி மோசமாக இருந்ததால் அவள் மெல்ல மெல்லக் குடிப்பாள். மெல்லக் குடித்ததால் கதையும் நீளும். இப்போது நல்ல காபி மூன்றே வாயில் தீர்ந்துபோனது.

"என்னக்கா, முகமே சரியில்லை?" என்றான் வடிவமைப்புத் தம்பி.

"ஒரு பிழையைத் திருத்தப் போய்ப் பக்கத்தையே கிழிச்சுட்டேன்டா."

"எந்தப் பக்கம்க்கா? நேத்து அனுப்பினதா?" என்று அவன் பதறிப்போய்க் கணினியைத் திறந்தான்.

அன்று மட்டும் அவள் பார்த்த பாடத்தில் 'கணவர்' என்ற சொல் 'கனவர்' என்று இரண்டு இடத்தில் வந்திருந்ததை விட்டுவிட்டாள். இதுவரை அப்படி நடந்ததே இல்லை.

வீட்டில் அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளை இன்னும் வாட்டியது. குளியலறையில் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. துக்கத்தை மறைக்கத்தான் பாடுகிறார் என்று நினைத்து அவள் கதவுக்கு வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பொய்யைக் கடைசிவரை காப்பாற்றத் தெரியாதவளுக்கு உண்மை பேசும் வீராப்பு எதற்கு? இத்தனை வருஷம் குடித்தவள் இன்னும் கொஞ்ச வருஷம் குடித்தால் என்ன, செத்தா போய்விடுவாள்?

ஞாயிற்றுக்கிழமை அவர் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தாள்.

"என்னை மன்னிச்சுடுங்க."

"எதுக்கும்மா?"

"அன்னிக்கு லிஃப்ட்ல சொன்னது. உங்க காபில ஒரு குறையும் இல்லை. என் நாக்குதான் செத்துப்போயிருந்துச்சு. ஏதோ மாத்திரை சாப்பிட்டேன், அதனால எது குடிச்சாலும் அப்படி இருந்துச்சு."

அவர் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார். "அதெல்லாம் விடு. நீ உண்மையைச் சொன்னதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. நிஜமா."

வருத்தமில்லை என்று எவ்வளவு வருத்தத்தை மறைக்கிறார்! அவளுக்கு அழுகை முட்டியது.

"இல்லைங்க. நம்ம பொண்ணு மேல சத்தியமா சொல்றேன். உங்க கையால காபி குடிச்சாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி இருக்கும். மெஷினும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளையிலேருந்து நீங்களே போட்டுக் கொடுங்க."

"சத்தியமாவா?"

"சத்தியமா. எனக்கு உயிர் இருக்கிறவரைக்கும்."

அவர் அவளையே வெகுநேரம் பார்த்தார். நெஞ்சின் ஆழத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. "சரிம்மா" என்றார். நெகிழ்ந்துபோனவரின் குரல் அது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் இருட்டு விலகும் முன்பே சமையலறையில் பாத்திரம் உருண்டது. பெரிய கப் வந்தது. மேலே கசப்பு, நடுவே தீய்ந்த பால், அடியில் சர்க்கரை. அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, பாடுகிற பெரியவருக்கு இப்போது துணைக்கு ஒருத்தர் தாளம் போடக் கிடைத்திருக்கிறார் என்ற கதையைச் சொன்னார். கமா அக்கா ஒவ்வொரு வாயாக, சிரித்துக்கொண்டே, அடிச்சர்க்கரை வரை குடித்தாள்.

இரண்டு நாள் கழித்து, மதிய இடைவேளையில் அந்தக் கடை வழியாகப் போனபோது விற்பனைப் பெண் அடையாளம் கண்டுகொண்டு, ஓர் அட்டைப்பெட்டியோடு ஓடி வந்தாள்.

"மேடம்! கேட்டுட்டு வர்றேன்னு போனவங்கதான், ஆளையே காணோமே. கருப்பு கடைசியா ஒண்ணு இருக்கு, எடுத்து வைக்கட்டுமா?"

"வேண்டாம்மா" என்றாள் கமா அக்கா, கொஞ்சம் பெருமையாகவே. "எங்க வீட்டுக்காரரு தினமும் எனக்காகத் தூக்கத்தை விட்டு எழுந்து காபி போடுறாரு. அதை விட்டுட்டு மெஷின் எதுக்கு?"

விற்பனைப் பெண் அலுத்துக்கொண்டே அட்டைப்பெட்டியைத் திரும்ப அலமாரியில் ஏற்றினாள்.

"என்னமோ போங்க மேடம், இந்த மெஷின் ராசியே சரியில்லை. எங்க கடை லிஃப்டைப் பார்க்க வர்ற மெக்கானிக் அண்ணன், 'இத்தனை வருஷம் கழிச்சு என் பொண்டாட்டி வாயாலேயே என் காபி வேண்டாம்னுட்டா, இனிமே நிம்மதியா தூங்குவேன்'னு துள்ளிக் குதிச்சு இதைத்தான் எடுத்து வைக்கச் சொன்னாரு. முந்தாநாள் தூக்கக் கலக்கத்தோட வந்து, 'வேண்டாம்மா, அவ சத்தியம் பண்ணிட்டா'ன்னு சொல்லிட்டுப் போறாரு."