துரைக்கு ஒப்பரேசன், என் வீட்டில் செத்தவீடு

தனியாக இருக்கிறவர்கள் பூனையோடு கதைப்பதில் பிழை ஒன்றும் இல்லை. பூனை சொன்ன பதிலுக்குக் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் நான் அந்தக் கட்டத்தையும் தாண்டியிருந்தேன்.

கல்யாணமாகி ஒரு மாதம் முடிவதற்குள் என் கணவர் கப்பலேறிவிட்டார். சரக்குக் கப்பலில் என்ஜின் அறை வேலை. கப்பல் திரும்பி வருவது திருகோணமலைக்குத்தான் என்பதால், யாழ்ப்பாணத்தில் அவருடைய அம்மாவான மாமியோடு இருக்கச் சொன்னவர்களை மறுத்து, உட்துறைமுகம் தெரிகிற ஒரு சின்ன வாடகை வீட்டில் தங்கினேன். (அதைக் காதல் என்று நினைத்திருந்தேன். அது மாமிமேல் எனக்கிருந்த பயம் என்பது பிறகுதான் விளங்கியது.) சமைத்தபடியே குசினி யன்னலால் நாள் முழுக்கத் துறைமுகத்தைப் பார்ப்பேன். எல்லாருடைய கப்பலும் வந்தது, இவருடையதைத் தவிர.

அந்த வீட்டில் என் கதையைக் கேட்ட ஒரே ஆள் துரை. வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது கப்பலேற மறந்த பூனைகளின் வம்சம் என்று மீன்காரக் கபூர் நானா அடித்துச் சொன்னார். நிறமும் வெள்ளை, நடையும் அப்படித்தான். பின்னேரங்களில் என் கணவரின் கதிரையில் ஏறிக் கால்களை மடித்து இருக்கும். அவருடைய கடிதங்களை நான் அதற்குத்தான் வாசித்துக் காட்டினேன். (சில வரிகளை மட்டும் விட்டுவிட்டு.)

அயலோடு எனக்குப் புழக்கம் இல்லை. அடுத்த வளவுப் பூமணியக்கா காயப்போட்ட கருவாட்டைத் துரை களவெடுத்தபோது, “உன்ர பூனையை ஒரு நாளைக்குச் சாக்கில கட்டிக் கடலில போடுவன்!” என்று அவர் சத்தம் போட்டார். அதற்குப் பிறகு நான் வேலிப்பக்கமே போவதில்லை.

ஒரு நாள் காலை துரை வாயில் நூல் தொங்கத் தொங்க வந்தது. புத்திசாலியான நான் நூலைப் பிடித்து இழுத்தேன். அது போட்ட சத்தத்தில் தென்னையிலிருந்த காகங்கள் எல்லாம் எழும்பின. மீன் தலைக்குள் இருந்த தூண்டில் முள்ளை விழுங்கியிருக்கிறது! தூண்டில் என்பதே இழுக்க இழுக்க இறுகுவதற்காகச் செய்த சாமான் என்பது, கடலோரம் குடியிருந்த எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

“அல்லாவே! இழுத்தீங்களா தங்கச்சி?” என்று தலையில் கை வைத்தார் கபூர் நானா. மீன் தலை அவர் கொடுத்தது என்பதால் அவருக்கும் மனம் கேட்கவில்லை. துரையைச் சைக்கிளிலிருந்த மீன் பெட்டிக்குள் படுக்கவைத்து மூடினார். வேறொரு நாளில் துரைக்கு அது சொர்க்கமாக இருந்திருக்கும். அவர் சைக்கிளை உருட்ட, நான் அழுதழுது பின்னால் நடக்க, நாங்கள் லிங்கநகருக்குப் போனோம். அங்கே வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மிருக வைத்தியர் ஒருவர் இருந்தார்.

அவர் துரையின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “உடன வெட்ட வேணும். மயக்க மருந்து எல்லாம் வெளியில வாங்கோணும். செலவு கனக்க வரும், பிள்ளை” என்று ஒரு தொகை சொன்னார். என் கணவர் எனக்கு மாதாமாதம் அனுப்புகிற காசு அதற்குப் பக்கத்திலும் நிற்காது.

“யோசிச்சுச் செய்யுங்கோ. பூனை சும்மா கிடைக்கிற சாமான். சந்தைப்பக்கம் போனால் உங்களைத் துரத்திக்கொண்டு வரும்.”

“உதுகளுக்கு என்ர கதை தெரியாது, டொக்டர்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு தரம் வடிவாகப் பார்த்தார். பிறகு கை கழுவப் போனார்.

என்னிடம் காசு இல்லை. காப்பு, சங்கிலி எல்லாம் மாமியின் அலுமாரியில் பூட்டியிருந்தன. கழுத்தில் கிடந்தது தாலிக்கொடி மட்டும்தான்.

(நீங்கள் நினைப்பது சரி.)

அடைவு கடைக்காரர் கொடியையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். “வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ?” என்றார். “ஒப்பரேசன்” என்றேன். ஆருக்கு என்று அவர் கேட்கவில்லை. அவர் காசை நீட்ட, நான் வாங்கிக்கொண்டு ஓடினேன். ஒரு மஞ்சள் கயிறாவது வாங்கிக் கட்டுவோம் என்ற நினைப்புக்கூட வரவில்லை.

மறுநாள் காலை கபூர் நானா டொக்டரின் செய்தியோடு வந்தார். முள்ளை எடுத்தாயிற்று, ஆனால் தப்புவது கஷ்டம், பின்னேரம்வரை பார்ப்போம். அவர் போனதும் நான் கிணற்றடியில் இருந்து விம்மி விம்மி அழுதேன். வேலிக்கு மேலால் பூமணியக்காவின் தலை தெரிந்தது.

“என்ன பிள்ளை, ஏதும் அறிவிப்பு வந்ததோ?”

“வந்தது அக்கா.”

“என்னவாம்?”

“தப்பிறது கஷ்டமாம்.”

அவருடைய கண் என் வெறும் கழுத்தில் போய் நின்றது. “ஐயோ, என்ர பிள்ளை!” என்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். கடலில் போடுவேன் என்ற மனுசியா இப்படி உருகுகிறார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்க வீடுகளிலும் எனக்கு முகம் மட்டும் தெரிந்த பெண்கள் எல்லாம் வந்து பாயில் இருந்தார்கள். யாரோ தேத்தண்ணி போட்டார்கள். யாரோ மாமியின் விலாசம் கேட்டார்கள், அழுதழுது சொன்னேன். யாரோ என் தலையை மடியில் வைத்துச் சிக்கெடுத்தார்கள். மாதக்கணக்கில் ஒருவரும் என்னைத் தொட்டதில்லை. ஒரு பூனைக்காக இவ்வளவு பேரா என்று நினைக்க நினைக்க எனக்கு இன்னும் அழுகை வந்தது.

“நல்ல குணம். ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்காத உயிர்” என்றார் ஒரு கிழவி. (கருவாட்டை மறந்துவிட்டார்கள், பெரிய மனசு என்று எண்ணிக்கொண்டேன்.)

“கடலை நம்பினால் இப்பிடித்தான், பிள்ளை.”

“ஓம் ஆச்சி. எல்லாம் ஒரு மீன் தலையால வந்தது.”

ஆச்சி பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். “மூளை கலங்கிப்போச்சு” என்று அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

“உனக்குச் சின்ன வயசு. காலம் போக இன்னொண்டைப் பற்றி யோசிக்கலாம்” என்றார் ஆச்சி மெல்ல.

“இன்னொண்டு எடுத்து வளர்க்க எனக்கு மனம் வராது, ஆச்சி. அதுவும் களவெடுத்தால் ஆர் அடி வாங்கிறது?”

சிக்கெடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டது. “தங்கச்சி! தப்பிட்டாரு! துரை தப்பிட்டாரு!” என்று கத்திக்கொண்டே வந்தார் கபூர் நானா.

வீடு முழுக்க எழும்பியது. “கடவுளே! உயிரோட இருக்கிறாரோ? எங்கை? எங்கை இருக்கிறார்?” என்று பூமணியக்கா வாசலுக்குப் பாய்ந்தார்.

“இந்தா, பெட்டிக்குள்ள.”

மூடியைத் திறந்தார். வயிற்றில் பெரிய கட்டோடு துரை தலையைத் தூக்கி, வந்திருந்தவர்களை அவ்வளவாகப் பிடிக்காத மாதிரி ஒரு பார்வை பார்த்தது.

நான் பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுதேன். அழுது முடித்து நிமிர்ந்தபோது எல்லாருடைய கண்ணும் துரையிலிருந்து என் வெறும் கழுத்துக்கு வந்தது. அப்போதுதான், மிகவும் மெதுவாக, எல்லாம் எனக்கு விளங்கியது.

“உந்தப் பூனைக்கோ” என்றார் பூமணியக்கா, “நான் தந்தி அடிச்சனான்?”

“ஆருக்கு அக்கா?”

“உன்ர மாமிக்கு.”

அடுத்த நாள் பகல் ஒழுங்கை முனையிலேயே ஒப்பாரி தொடங்கியது. வாடகை வான் பிடித்து, இனசனம் எல்லாம் ஏற்றிக்கொண்டு, தலைவிரி கோலமாக மாமி வந்து இறங்கினார். நான் ஓடிப்போய்க் காலில் விழுந்து, “மாமி, அவருக்கு ஒண்டும் இல்லை, நல்ல சுகம், பூனைக்குத்தான்...” என்று உளறினேன். மாமி வாசற்படியில் அப்படியே இருந்துவிட்டார். மகன் உயிரோடு இருக்கிறான் என்பதை அவருடைய உடம்பு நம்பக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகுதான் என் கழுத்தைப் பார்த்தார்.

“கொடி எங்கை?”

சொன்னேன். வானில் வந்த பெரியப்பா ஒருவர், இந்தப் பெட்டையை இப்போதே தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று குதித்தார். மாமி கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

“பொறுங்கோ அண்ணை. ஒரு பூனைக்குத் தாலியைக் கழட்டி வைச்சவள், என்ர பிள்ளைக்கு ஒண்டெண்டால் தன்னையே வித்துப்போடுவாள்.” பிறகு என்னைப் பார்த்து, “எவ்வளவு தனிமையாக இருந்திருப்பாய் நீ. ஏன் ஒரு கடிதம் போடேல்லை?” என்றார்.



கொடியை மாமியே மீட்டுத் தந்தார். வான் திரும்பியபோது அவர் ஏறவில்லை. கப்பல் வரும்வரை என்னோடு இருந்து, என்னைத் திட்டிக்கொண்டும் துரைக்கு மீனில் முள் பார்த்துக் கொடுத்துக்கொண்டும் காலத்தைக் கழித்தார். என் கணவர் வந்து இறங்கிய அன்று அவரைத் தொட்டுப் பார்க்க ஒழுங்கை முழுவதும் திரண்டது. தேத்தண்ணி குடித்தபடி தன் செத்தவீட்டுக் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு, “சனம் கனக்க வந்ததோ?” என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதற்குக் கண் கலங்கினாலும், வெங்காயம் உரித்தாலும்கூட, ஒரே கேள்விதான்: “பூனைக்கோ, மனுசனுக்கோ?”

போன வருடம் என் கணவர் உண்மையாகவே போய்விட்டார். கடலில் அல்ல, தன் கட்டிலில், நித்திரையில். வீடு நிறையச் சனம். நான் அவர் தலைமாட்டில் இருந்து அழுதுகொண்டிருந்தேன். மகள் வந்து என் தோளை அணைத்து, காதுக்குள், “அம்மா, பூனைக்கோ?” என்றாள்.

செத்தவீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். மூளை கலங்கிப்போச்சு என்று யாரோ சொன்னது கேட்டது.