முனிக்கு வைத்த சுருட்டு

"நாலே நாலு இழுப்புதான் இழுத்தேன்" என்றான் அழகுமுத்து.

"யாரு சுருட்ட?" என்று கேட்டான் ஸ்டோர் வாச்சர் கந்தப்பன்.

"முனியோட சுருட்ட."

கந்தப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் ரோதைமுனி இருக்கிறார். ஸ்டோரில் ஓடும் பெரிய சக்கரங்களுக்கெல்லாம் அவர்தான் காவல். செவ்வாய்க்கிழமைப் பூசையில் அவருக்கு ஒரு சுருட்டைப் பற்றவைத்து வைப்பார்கள். பூசை முடியும்வரை அது அணையக் கூடாது. அணைந்தால் ஏதாவது ஒரு சக்கரம் யாராவது ஒருவருடைய விரலைக் கேட்கும் என்று தோட்டத்தில் நம்பிக்கை.

அன்று மாலை பூசாரி பழனியாண்டி அழகுமுத்துவிடம், "தம்பி, சுருட்டப் பாத்துக்க, தேங்கா எடுத்தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்துச் சாரல் அடித்தது. சுருட்டு அணையப் பார்த்தது. பக்தியுள்ள மனிதன் என்ன செய்வான்? எடுத்து வாயில் வைத்து இழுத்தான். பிறந்ததிலிருந்து ஒரு பீடிகூடத் தொடாதவன். நாலாவது இழுப்பில் தலை கிறுகிறுத்து முனி இரண்டு பேராகத் தெரிந்தார்.

"அது வெறும் சுருட்டு இல்லடா. உள்ள கஞ்சா வச்சு சுத்துனது. தோட்டத்துக்கே தெரியுமே!" என்றான் கந்தப்பன்.

"எனக்குத் தெரியாதே!"

பூசாரியிடமே கேட்கலாம் என்றால், அவர் பூசை முடிந்த கையோடு மகள் பிரசவத்துக்கு உடப்புசல்லாவைக்கு பஸ் ஏறிவிட்டார்.

வேறு நேரமாக இருந்தால் அழகுமுத்து ஒரு குளியல் போட்டுவிட்டு மறந்திருப்பான். ஆனால் பதினொரு வருடம் லொறிக் கிளீனராகக் காலம் தள்ளியவனுக்கு இப்போதுதான் டிரைவர் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. முந்தைய டிரைவர் கஞ்சா மயக்கத்தில் லொறியைத் தேயிலைக்குள் இறக்கி, மூன்று வரிசைச் செடியைச் சாய்த்திருந்தான். அதனால் தோட்டத்து மேனேஜர் பெரிய துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: சனிக்கிழமை தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சர் ஐயா உடம்பைச் சோதித்து, 'கஞ்சாப் பழக்கம் இல்லை' என்று எழுதித் தந்தால்தான் சாவி கைக்கு வரும்.

"கந்தா, அது உடம்புல எத்தன நாளு நிக்கும்?"

"ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாளு" என்றான் கந்தப்பன், என்னமோ தானே அளந்து பார்த்தவன் போல.

"சனிக்கிழமைக்கு நாலு நாளுதான்டா இருக்கு!"

"அப்ப கழுவி எடு."

மறுநாள் காலை நோர்வூட் டவுனில் இக்ராம் நானாவின் மருந்துக் கடையில் போய் நின்றான்.

"நானா, ஒரு கூட்டாளி தெரியாம கஞ்சா குடிச்சிட்டான். உடம்பக் கழுவ என்ன குடுக்கலாம்?"

"கூட்டாளி பேரு என்ன?"

"அழகு..." என்று ஆரம்பித்தவன் சுதாரித்து, "அழகர்சாமி" என்று முடித்தான்.

நானா அவனை மேலும் கீழும் பார்த்தார். விளக்கெண்ணெய்ப் போத்தல் ஒன்றை எடுத்து வைத்தார். "ரெண்டு கரண்டி போதும். குடிச்ச பொறகு எங்கயும் பயணம் போக வேணாம்னு அழகர்சாமிக்குச் சொல்லுங்க."

இரண்டு கரண்டிக்கே இந்த வேகம் என்றால் அரைப் போத்தலுக்கு நாற்பத்தெட்டு நாளும் ஒரே நாளில் கழியுமே என்று அழகுமுத்து கணக்குப் போட்டுக் குடித்தான். கணக்குத் தப்பவில்லை. லயத்து வீட்டுக்கும் கக்கூசுக்கும் நடந்தே அன்றைய பொழுது போயிற்று. சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தான்.

"என்னங்க ஆச்சு ஒங்களுக்கு?" என்று கேட்டாள் மனைவி பேச்சியம்மா.

"ஒண்ணுமில்ல. லேசா வயிறு."

வியாழக்கிழமை, முகத்தையாவது திருத்திக்கொண்டு போகலாமென்று முடிவெட்டும் சின்னத்தம்பியிடம் உட்கார்ந்தான். அங்கேயும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, இந்தக் கஞ்சா குடிச்சா உடம்புல எங்க போய்த் தங்கும்?"

"ரத்தத்துல ஓடும். அப்புறம் மயிருக்கு ஏறிரும். ஏறிருச்சுன்னா எறங்காது. வெட்டித்தான் எடுக்கணும்."

"மொட்டையே அடிச்சிருங்க."

தலை போயிற்று. மீசை போயிற்று. கண்ணாடியைப் பார்த்த அழகுமுத்துவுக்குப் புதிய சந்தேகம்.

"புருவத்துலயும் ஏறுமா அண்ணே?"

"அதும் மயிருதானே?"

வலது புருவம் போய், கத்தி இடது பக்கம் திரும்பிய நேரத்தில், கொழுந்துக் கூடையோடு அந்த வழியாக வந்தாள் பேச்சியம்மா.

"ஐயோ! என்னங்க இது கோலம்? சாமியாராப் போறீங்களா? எவ ஒங்களுக்கு மருந்து வச்சா?"

கையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இடது புருவம் பிழைத்தது. வீட்டில் வைத்து அவன் உண்மையைச் சொன்னான். சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"பதினோரு வருசம் பின்னால தொங்கிக்கிட்டே போயிட்டேன் பேச்சி. ஒரு தடவையாச்சும் முன்னால ஒக்காந்து நான் ஓட்டணும்."

பேச்சியம்மா திட்டுவதை நிறுத்தினாள். அவளுக்கும் அந்த ஆசைதான். ஓட்டுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து அட்டன் டவுனுக்கு ஒரு தடவை போய்வர வேண்டுமென்று யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

"வேர்வையா எடுத்தா எல்லா விசமும் எறங்கிரும்னு எங்கம்மா சொல்லும்" என்றாள் மெதுவாக.

வெள்ளிக்கிழமை, ஸ்டோரில் தேயிலை உலர்த்தும் மிஷினுக்குப் பக்கத்தில், இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தான். வேர்வை ஆறாக ஓடியது. அடுப்புப் புகையில் கண் இரண்டும் சிவந்து போயின. கடைசியில் தேயிலைக் குவியல் மேலேயே மயங்கி விழுந்தான். கந்தப்பன் தண்ணீர் தெளித்து எழுப்பினான்.

"எறங்கிருச்சாடா?" என்று கேட்டான் அழகுமுத்து.

"உசுருதான்டா எறங்கப் பாத்துச்சு."

சனிக்கிழமை காலை. சிவந்த கண், நடுங்கும் கை, ஒட்டிய வயிறு, மொட்டைத் தலை, ஒற்றைப் புருவம். நாலு நாளைக்கு முன் அவனைப் பார்த்திருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். இப்போது கஞ்சாக்காரனைப் படம் வரையச் சொன்னால் அவனைத்தான் வரைவார்கள்.

டிஸ்பென்சர் கணேசமூர்த்தி யாழ்ப்பாணத்துக்காரர். எண்ணெய் வைத்துப் படிய வாரிய அடர்த்தியான தலைமுடி. சிரித்து யாரும் பார்த்ததில்லை. அழகுமுத்துவைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"என்னடாப்பா இது? என்ன வருத்தம் உனக்கு?"

அழகுமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயா, தெரியாம செஞ்சிட்டேன் ஐயா! முனி சுருட்டுல நாலு இழுப்பு... கஞ்சா..."

கணேசமூர்த்தி எழுந்தார். போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். வேலை போயிற்று, இனிப் பொலிஸ்தான் என்று அழகுமுத்து கண்ணை மூடிக்கொண்டான்.

"எத்தினை நாள் நிக்கும் எண்டு சொன்னவங்கள்?" என்று கேட்டார் டிஸ்பென்சர், தணிந்த குரலில்.

"நாப்பத்தெட்டு நாளுங்க."

"நாப்பத்தெட்டோ!" அவர் முகம் வெளிறியது. "நீ என்னென்ன செய்தனி? ஒண்டும் விடாமல் சொல்லு."

அவன் சொன்னான். அவர் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். விளக்கெண்ணெய் எவ்வளவு, வெறும் வயிற்றிலா, சூட்டில் எத்தனை மணி நேரம் என்று துருவித் துருவிக் கேட்டார். மயிரில் ஏறும் என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது. தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"கட்டாயம் வழிக்கத்தான் வேணுமோ?"

"சின்னத்தம்பி அப்படித்தான் சொன்னாருங்க."

பெருமூச்சு விட்டார். பிறகு ஒரு கடுதாசியை எடுத்து, 'கஞ்சாப் பழக்கம் இல்லை, நல்ல சுகம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"இஞ்ச கதைச்சது இஞ்சையே இருக்கட்டும். நான் ஒருத்தருக்கும் சொல்லன். நீயும் சொல்லாதை."

அழகுமுத்து அவர் காலில் விழுந்து எழுந்தான். மலையகத்தில் இப்படி ஒரு மருத்துவரா, ஏழை சொல்லும் வைத்தியத்தைக்கூட எழுதி வைத்துக்கொள்கிறாரே என்று வெளியே காத்திருந்த பேச்சியம்மாவிடம் வழியெல்லாம் சொல்லிச் சொல்லி அவனுக்கு மாளவில்லை. சாவி கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மா முன் சீட்டில் உட்கார்ந்து அட்டனுக்குப் போய் வந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு கட்டுச் சுருட்டோடு முனி முன்னால் போய் நின்றான் அழகுமுத்து. ஊரிலிருந்து திரும்பியிருந்த பூசாரி பழனியாண்டி அவன் மொட்டையையும் ஒற்றைப் புருவத்தையும் அதிசயமாகப் பார்த்தார். அவன் நடந்ததையெல்லாம் சொல்லி, முனியின் கஞ்சாவைக் குடித்த பாவத்துக்கு என்ன பரிகாரம் என்று கேட்டான்.

"முனி சுருட்டுல கஞ்சாவா? அதுல வெறும் தேயிலைத் தூளு வச்சுத்தான்யா நான் சுத்துறேன்" என்றார் பூசாரி. "முனிக்குன்னு வர்ற கஞ்சா பூராவும் வாராவாரம் டிஸ்பென்சர் ஐயாவுக்கில்ல போவுது!"