சுறாப்புட்டும் ஏல நைனாவும்

பழவேற்காட்டில் என் காலத்தில் பிறந்த குழந்தைகள் அத்தனை பேருக்கும் ஒரே ஒரு நைனாதான். தப்பாக நினைக்காதீர்கள். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

ஏரிக்கரையில் மீன் ஏலம் விடுபவர். ஏல நைனா என்றால்தான் ஊருக்குத் தெரியும். ஏலம் முடிந்ததும் கோட்டைக்குப்பத்தில் எந்த வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறதோ அந்த வாசலுக்குப் போவார். மரியாதைக்காக வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். அந்த மரியாதை தொண்டைக்குக் கிடையாது. “யம்மா, பால் கீதா? போதுதா?” என்பார். ஏரியின் எதிர்க்கரையிலிருந்து யாரும் பதில் சொல்லாததுதான் ஆச்சரியம்.

நான் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் வாடகை வீடு. ஒரு பக்கத்து அண்டை வீட்டாராவது சத்தம் போடமாட்டார்கள் என்று நம்பிக் குடிபோனேன். அங்கேதான் மகள் பிறந்தாள்.

ஒன்றரை மாதமாகியும் எடை ஏறவில்லை. “பால் பத்தலபோல. இன்னும் பதினஞ்சு நாள் பாப்போம். ஏறலைன்னா பெரிய ஆஸ்பத்திரிதான்” என்றார் நர்ஸம்மா. அன்றிலிருந்து என் மனைவி மாலா பேச்சைக் குறைத்துவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்வீட்டுக்காரி தன் பிள்ளைக்குப் பால் கொடுப்பதையே பார்த்துக்கொண்டிருப்பாள். “என்னங்க, அந்தப் பிள்ளைக்குக் குடிச்சுட்டுக் கண்ணு சொக்குது பாருங்க. நம்ம பிள்ளை ஒரு தடவை அப்படித் தூங்கினாப் போதும்” என்றாள்.

சேதி எப்படிப் போனதோ, மறுநாளே நைனாவின் முதுகு எங்கள் வாசலில்.

“வாத்யாரே! பால்சுறாவ அவிச்சு, தோலு முள்ளு எடுத்து, பூண்ட அள்ளிப் போட்டுப் புட்டு செய். முருங்கைக்கீர ஒரு நாளு, காரப்பொடி மீன் கொழம்பு ஒரு நாளு. மாத்தி மாத்திக் குடு!”

தூரத்தில் பள்ளிக்கூடப் பிரேயரில் நின்ற என் மாணவர்களுக்கும் அது மனப்பாடமானது.

தினமும் அவரே ஒரு சுறாக்குட்டி கொண்டுவந்தார். சிக்கல் என்னவென்றால், மாலா நெல் விளையும் ஊர்க்காரி. சுறா வாடைக்கே அவளுக்குக் குமட்டியது. நைனாவின் மனம் நோகக் கூடாதே என்று நான் தின்றேன். பிறர் மனம் நோகாதிருக்க நான் எவ்வளவு வேண்டுமானாலும் தின்பேன். ஒரு வாரமாகியும் பிள்ளை அப்படியே இருந்தாள். என் சட்டைப் பொத்தான் தெறித்தது.

நைனா முதல்முறையாகத் திரும்பி, என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னா வாத்யாரே, இந்த வூட்ல யாரு பால் குடுக்கப் போறது? நீயா?”

எதிர்வீட்டில் சிரிப்பு. மானத்தைக் காப்பாற்ற என் தியாகத்தை எடுத்துவிட்டேன். “பிள்ளை அழுதா மாலாவ எழுப்பறதே இல்ல நைனா. நானே டப்பாப் பாலைத் தண்ணியாக் கலக்கி பாலாடையில குடுத்துடுவேன். பாவம், அவ தூங்கட்டும்னு.”

“எத்தினி வாட்டி?”

“எப்ப அழுதாலும்.”

நைனா அப்படியே மணலில் குந்திவிட்டார். “அடப்பாவி. அவ பால நிறுத்தினதே நீதான்யா.”

பிறகு சொன்னார். அவர் பிறந்த மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாளாம். குப்பத்துப் பெண்கள் ஏழு பேர் முறைவைத்துப் பால் கொடுத்திருக்கிறார்கள். “அதுல ஒரு அம்மாவுக்குப் பால் வத்தி ரெண்டு மாசமாம். நான் வாய வெச்சு வெச்சு இழுக்க, திரும்ப ஊறிச்சாம். சுறா துன்னா தெம்பு. புள்ள இழுத்தாத்தான் பாலு.”

அந்த ஏழு பேர்தான் அவர் கல்யாணத்தையும் கெடுத்தவர்கள். எந்தப் பெண்ணைப் பார்க்கப் போனாலும், “இவ அம்மா பாலக் குடிச்சவன் நானு. இவ என் தங்கச்சி” என்று கும்பிடுவார். பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

அன்றே சட்டம் போட்டார். பிள்ளை அம்மா பக்கத்திலேயே கிடக்க வேண்டும். அழும்வரை காத்திருக்காமல், வாயைச் சப்புக்கொட்டினாலே மார்பில் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் மாலாவுக்கு ஒரு சொம்புத் தண்ணீர். சுறா வேண்டாம், பிடித்த கீரையும் பூண்டும் போதும். டப்பாப் பாலின் அளவையும், அதை எப்போது குறைப்பது என்பதையும் நர்ஸம்மாதான் சொல்ல வேண்டும்.

“எனக்கு நைனா?”

“நீ கையக் கட்டிக்னு உக்காரு.”

குழந்தை சிணுங்கும்போதெல்லாம் என் கை தானாக நீளும். எப்படித்தான் தெரியுமோ, கரையிலிருந்தே கத்துவார்: “வாத்யாரே, கைய எடு!”

மூன்று நாள் பிள்ளை அழுதாள், மாலா அழுதாள், சும்மா உட்காரத் தெரியாமல் நானும் அழுதேன். ஐந்தாம் நாள் மாலா என்னைச் சைகையால் கூப்பிட்டாள். பிள்ளை மடியில் கண் சொக்கிக் கிடந்தாள். வாயோரம் பால் வழிந்திருந்தது. மாலா மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

பதினைந்தாம் நாள் எடை பார்த்த நர்ஸம்மா, தராசைத் தட்டி இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் கரைக்கு ஓடினேன். நைனா நடு ஏலத்தில் இருந்தார்.

“ஏறிடுச்சு நைனா! முந்நூறு கிராம்!”

கூடையிலிருந்த இறாலை மறந்துவிட்டார். “முந்நூறு ஒரு தரம்! முந்நூறு ரெண்டு தரம்!” என்று என் மகளின் எடையைக் கூவினார். வெளியூர் வியாபாரி ஒருவர் முந்நூற்றைம்பது என்று கேட்டேவிட்டார்.

போன மாதம் அந்த மகளுக்கே மகள் பிறந்தாள். சென்னையில், ஆறாவது மாடியில் இருக்கிறோம். பால் தாராளம். பேத்தி குடித்து முடித்து ஏப்பம் விட்டாள். மாலா அவளைத் தோளில் போட்டுத் தட்டியபடியே, “நைனாகிட்ட சொல்லணும்ங்க” என்றாள்.

அவர் கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. அது அவளுக்கும் தெரியும்.

“சொல்லிட்டு வந்துடறேன்” என்று எழுந்து, பழவேற்காட்டுக்குப் பஸ் பிடிக்கச் சட்டையை மாட்டிக்கொண்டேன்.