தர்யோனோ வாங்கிய பின்திரை

இந்தப் பெருநாளுக்குக் குடும்பப் படத்தில் நடுவில் நின்றே தீருவது என்று தர்யோனோ சபதம் எடுத்தார். எடுத்தது குளியலறையில். வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

சபதத்துக்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் மனைவி மூர்னியின் குடும்பம் ஒரே நிறத்தில் உடை தைத்துக்கொண்டு, அவள் அண்ணன் பக்ரியின் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொள்ளும். நடுவில் பக்ரி. ஓரத்தில், யாரோ பெற்ற பிள்ளையை இடுப்பில் சுமந்தபடி தர்யோனோ. போன வருஷம் அவருடைய ஒரு தோளும் ஒரு காதும்தான் படத்தில் விழுந்தன. செமாராங் ஊரில் சொந்தக்காரர் வீட்டுச் சுவர்களில் எல்லாம் அந்தக் காது தொங்குகிறது.

"இந்த வருஷம் படம் நம்ம வீட்லதான். விளக்கு, பின்திரை எல்லாம் நானே வாங்கறேன்."

மூர்னி அன்னாசி பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "வாங்குங்களேன். நான் ஜன்னலுக்குத் திரை கேட்டு ரெண்டு வருஷமாச்சு."

"ஜன்னலுக்கு எதுக்குச் சேலை? அதான் கண்ணாடி இருக்குல்ல?"

"தெருவே பெருநாளுக்குப் புதுசு மாத்துது."

"மாத்தட்டும்."

அவள் மறுபடி மாவைப் பிசையத் தொடங்கினாள். பதினெட்டு வருஷத்தில் அவள் அவ்வளவு சீக்கிரம் ஓய்ந்ததே இல்லை. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

தர்யோனோவுக்கு ஒரு கொள்கை உண்டு. மனைவி கிழக்கே என்றால் மேற்கே போவது. அவர் கைபேசியில் கடையைத் திறந்ததும் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"வெள்ளைத் துணி போதுமேங்க."

"வெள்ளையில முகம் எடுக்காது. கரும்பச்சை."

"மெல்லிசா வாங்குங்க. கனமா எதுக்கு?"

"மெல்லிசு சுருங்கும். வெல்வெட்தான்."

"விளக்கு ஒண்ணு போதும்."

"ஒண்ணுன்னா மூக்கு நிழல் கன்னத்துல விழும். பக்கத்துக்கு ஒண்ணு வேணும். உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியாதுதான். ஜன்னல் பக்கம் மட்டும் கட்டாதீங்க. நல்லாவே இருக்காது."

அவர் உடனே டேப்பை எடுத்து ஜன்னலை அளந்தார். தப்பு வந்துவிடக்கூடாது என்று இரண்டு தடவை அளந்தார்.

பெருநாளுக்கு முந்தின நாள் வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஜன்னலில் கரும்பச்சை வெல்வெட், மடிப்பு மடிப்பாக.

"என்ன இது?"

"உங்க பின்திரைதாங்க. நீங்கதானே அங்க அளந்தீங்க. ஓரம் அடிச்சு வளையம் வச்சேன். அதோட வந்த கம்பியும் சரியா இருந்துச்சு."

"படம் எடுத்ததும் கழட்டிடணும்."

"கழட்டிடலாம். அம்மாதான் பாத்துட்டு, மாப்பிள்ளைக்கு என்ன ரசனைடின்னு வாய் ஓயாம சொன்னாங்க."

மாமியார் இதுவரை அவரை எதற்கும் பாராட்டியதில்லை. தர்யோனோவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கழற்றும் பேச்சு அத்தோடு போயிற்று.

பெருநாளன்று குடும்பம் மொத்தமும் மாம்பழ நிற உடையில் திரைக்கு முன்னால் கூடியது. "நடுவுல வாங்க மாப்பிள்ளை," என்று பக்ரியே விலகி இடம் கொடுத்தான். தர்யோனோ எதிரே இரண்டு விளக்குக்கும் நடுவில் மேசைமேல் கைபேசியைச் சாய்த்து, பத்து விநாடியில் தானே எடுக்கும்படி வைத்துவிட்டு ஓடி வந்து நடுவில் நின்றார். நெஞ்சு விம்மியது.

ஒரு குழந்தை விளக்குக் காலைத் தட்டியது. விளக்கு ஆடியது. ஒரே வயரில் இருந்த மற்றதும் ஆடியது.

"ஐயையோ, பிள்ளைங்க தலையில விழப்போகுது. யாராவது பிடிங்க," என்றார் மாமியார்.

"அவருக்குத்தாம்மா அது புரியும்," என்றாள் மூர்னி.

தர்யோனோ மேசைக்குப் பின்னால் போனார். கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். காலி இடத்தில் பக்ரி வந்து நின்றான். கைபேசி 'கிளிக்' என்றது.

கூட்டம் சாப்பிடப் போனதும் அவர் படத்தைப் பெரிதாக்கித் தேடினார். யார் கன்னத்திலும் மூக்கு நிழல் இல்லை. இந்த வருஷம் காதும் இல்லை.

மூர்னி எட்டிப் பார்த்தாள்.

"திரை எவ்வளவு அழகா விழுந்திருக்கு பாத்தீங்களா?"